பூங்காவுக்கு எதிரி

பூங்கா வடிவமைப்பாளர் அடித்துவிட்டுப் போன முளைக்குச்சிகளை அந்தப் பெண் ஒவ்வொன்றாகப் பிடுங்கி எறிந்துகொண்டே வந்தாள்.

"ஏம்மா, உனக்கென்ன பைத்தியமா? காலையிலிருந்து நாலு தடவை அடிச்சாச்சு!"

"நாப்பது தடவை அடி. பிடுங்க எனக்குக் கை இருக்கு."

அவருக்கு ரத்தம் கொதித்தது. எதிரே இருநூறு தகரக் கொட்டகைகள்; காலாற நடக்க இடமில்லை. இந்த ஜனங்களுக்கு ஒரு பூங்கா வேண்டுமென்று மேலதிகாரிகளிடம் இரண்டு வருடம் மல்லுக்கட்டியவர் அவர்.

"உங்க பிள்ளைங்க விளையாடத்தானே போடறோம்!"

"எங்க பிள்ளைங்க குப்பையிலயே விளையாடிக்கும். நீ நடையைக் கட்டு."

"போலீஸைக் கூப்பிடுவேன்."

"கூப்பிடு. அவங்களும் எனக்குப் பழக்கம்தான்."

வேறு வழியில்லாமல் செல்போனை எடுத்து, தனக்குப் பரிசு வாங்கித் தந்த பூங்காவின் படத்தை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார். புல்வெளி, நிழல் மரங்கள், நடுவில் நீரூற்று.

"ஆத்தங்கரையில ஆறு வருஷத்துக்கு முன்னாடி நான் போட்டது. இதைப் பார்த்துட்டுச் சொல்லு, வேண்டாம்னு!"

அவள் போனை வாங்கி வெகுநேரம் பார்த்தாள். மனசு இளகிவிட்டது என்று அவர் நிம்மதியாக மூச்சு விட்டார்.

அவள் நீரூற்றின் மேல் விரலை வைத்தாள்.

"இந்த இடத்துலதான் எங்க வீட்டு அடுப்பு இருந்துச்சு. அங்கேயிருந்து லாரியில ஏத்தித்தான் எங்களை இங்க கொண்டாந்து கொட்டினாங்க."

"நான் போனப்ப அது காலி இடமாத்தான் இருந்துச்சு..." என்றார் அவர்.

"ஆமா. காலி பண்ணித்தானே உன்கிட்டக் குடுத்தாங்க!"