மூன்று லட்சம் கிலோமீட்டர்

ஐயப்பன்தாங்கலில் விற்பனைக்கு நின்ற எண்பத்திரண்டு மாடல் மினி லாரியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார் கலியமூர்த்தி.

"மூணு லட்சம் கிலோமீட்டர் ஓடியிருக்கே. இன்ஜின் எப்படிப்பா?"

"ரெண்டு தபா பிரிச்சாச்சு சார். தள்ளினாதான் ஸ்டார்ட் ஆவும். கியர் பாக்ஸும் பேஜாரா கீது," என்றான் டிரைவர் ஜோசப்ராஜ்.

கலியமூர்த்தி பெருமூச்சு விட்டார். "பத்து வருஷமா ஒரே டிரைவர்தான் ஓட்டுறான்னு உங்க முதலாளி சொன்னாரு. வண்டியோட உன்னையும் வேலைக்குக் கூட்டிட்டுப் போகலாம்னு வந்தேன். வண்டியை இப்படிப் பண்ணி வெச்சிருக்கியேப்பா."

அவர் பஸ் ஏறிப் போய்விட்டார்.

வண்டி விலைபோனால் தன் வேலையும் போய்விடும் என்ற பயத்தில் வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்த ஜோசப்ராஜ், அதை ஷெட்டுக்குள் விடுவதற்காகச் சாவியைத் திருகினான். பத்து வருடத்தில் ஒருமுறைகூடப் பிரிக்காத இன்ஜின், முதல் திருகலிலேயே புகையில்லாமல் ஸ்டார்ட் ஆனது.