முதல் இரண்டு கிலோமீட்டர்

ஐஸ் வாங்கி வருவதற்காக என் மொபெட்டை மூன்றாம் முறையாகக் கேட்டார் அசோக்குமார்.

மூன்றாம் முறையாக மறுத்தேன்.

அது இதே ஓசூரில் செய்யப்பட்ட வண்டி. இரண்டாயிரத்து ஒன்றாம் ஆண்டில் வாங்கினேன். அன்றுமுதல் இன்றுவரை என்னையன்றி வேறெவரும் அதை ஒரு முழத் தூரம்கூட ஓட்டியதில்லை. இதைச் சொல்லும்போதெல்லாம் எனக்குப் பெருமையாக இருக்கும். கேட்பவர்களுக்கு அலுப்பாக இருக்கும்.

“வண்டிக்கே தாலி கட்டிட்டீங்களா சார்?” என்று கேட்டுவிட்டு, சூடேறிப்போன தண்ணீர்ப் புட்டிகளின் பக்கத்தில் மறுபடியும் உட்கார்ந்துகொண்டார்.

தளிச் சாலையில் ஒரு திருமண மண்டபத்தின் வாசலில் எங்கள் மேசை போடப்பட்டிருந்தது. சிறுநீரக நோயாளிகளின் சிகிச்சைக்கு உதவுவதற்காகக் கன்னியாகுமரியிலிருந்து சைக்கிளில் வருபவர்களுக்கு அதுதான் முடிவிடம். அவரவர் சைக்கிளில் உள்ள மீட்டரைப் பார்த்து, பதிவேட்டில் எழுதிக் கையொப்பமிடுவது என் பணி; தண்ணீர் கொடுப்பது அசோக்குமாரின் பணி.

மொத்தம் அறுநூற்று நாற்பது கிலோமீட்டர். மாலை ஐந்து மணிக்குள் முழுவதையும் முடித்தவருக்கே பதக்கம்.

நான்கு நாற்பதுக்குக் கடைசி ஆளாக மேகலா வந்து சேர்ந்தாள். போச்சம்பள்ளியில் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்க்கும் பெண். சட்டையின் முதுகில் ‘அப்பா திம்மராயன் நினைவாக’ என்று அச்சிட்டிருந்தது. வெயிலில் முகம் கறுத்திருந்தது. சிரிப்பு மட்டும் வாடவில்லை.

மீட்டரைப் பார்த்தேன். சொல்லிவைத்தாற்போல் அறுநூற்று நாற்பது.

மகிழ்ச்சியோடு பேனாவைத் திறந்தேன்.

“எழுதாதீங்க சார்.”

சூளகிரி ஏற்றத்தில் அவளுடைய சைக்கிளின் சங்கிலி அறுந்துவிட்டதாம். உடன் வந்த வேன், அவளையும் சைக்கிளையும் ஏற்றிக்கொண்டு, பழுது பார்ப்பவர் இருந்த இடம்வரை இரண்டு கிலோமீட்டர் கொண்டுவந்ததாம்.

“அந்த ரெண்டை நான் ஓட்டல சார்.”

அப்படியானால் மீட்டர் அறுநூற்று முப்பத்தெட்டையல்லவா காட்டவேண்டும்? கேட்டேன்.

அவள் மீட்டரின் கண்ணாடியைக் கட்டைவிரலால் துடைத்தாள்.

“கன்னியாகுமரியில எல்லாரையும் பூஜ்யத்துல வைக்கச் சொன்னாங்க. நான் வைக்கல. அதுல ஏற்கெனவே ரெண்டு இருந்துச்சுங்க.”

அந்தச் சைக்கிளை வாங்கித் தந்தவர் அவள் தந்தை. மீட்டரைத் தம் கையாலேயே பொருத்தி, தம் தெருவைச் சுற்றி இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்து, ‘சரி, இனிமே நீ எடுத்துக்கோ’ என்று அவளிடம் கொடுத்தாராம். மறுநாள் அவருக்கு டயாலிசிஸ். அதற்குப் பிறகு அவர் எந்த வண்டியிலும் ஏறவில்லை. இந்தப் பயணம்வரை அவளும் அந்தச் சைக்கிளைத் தொடவில்லையாம்.

அது என்ன சரியாக இரண்டு என்றேன்.

பழக்கம் என்றாள். ஓசூர் மொபெட் தொழிற்சாலையில் முப்பது ஆண்டுகள் அவருக்கு அதுவே வேலை. பொருத்தி முடித்த வண்டியை வளாகத்துக்குள்ளேயே இரண்டு கிலோமீட்டர் ஓட்டிப் பார்ப்பார். பிறகு அதன் அட்டையில் கையெழுத்திடுவார். அதன் பின்னரே வண்டி வாயிலைத் தாண்டும்.

மணி நான்கு நாற்பத்தைந்து. மேசையில் அமர்ந்திருப்பவன் சொல்லக்கூடாத ஒன்றைச் சொன்னேன்.

“அப்பா குடுத்த ரெண்டுன்னு வெச்சுக்கலாமேம்மா. மீட்டர் சரியாத்தானே இருக்கு?”

“அவரு ஒத்துக்க மாட்டாருங்க சார். ஓட்டாத வண்டிக்குக் கையெழுத்துப் போடற ஆளு இல்ல.”

சைக்கிளைத் திருப்பிவிட்டாள்.

சாலைமுனைப் பெட்ரோல் பங்க்வரை சென்று திரும்பினால் இரண்டு கிலோமீட்டர். சாதாரண நாளில் அது ஒரு தூரமே இல்லை. ஆனால், தொழிற்சாலைப் பேருந்துகள் ஒன்றன்பின் ஒன்றாக வந்துகொண்டிருந்த நேரம் அது. அவளுடைய கால்களோ மிதிகட்டையில் நடுங்கின. அசோக்குமார் சாலையின் நடுவில் இறங்கி, இரு கைகளையும் விரித்துப் பேருந்துகளை நிறுத்தினார். தமிழிலும் கன்னடத்திலும் தெலுங்கிலும் அவருக்கு ஏச்சு கிடைத்தது. மூன்றிலும் பதில் சொன்னார்.

நான் கடிகாரத்தைப் பார்த்தேன், சாலையைப் பார்த்தேன், மீண்டும் கடிகாரத்தைப் பார்த்தேன்.

நான்கு ஐம்பத்தெட்டுக்கு வந்து சேர்ந்தாள். மேசைக்கால் இடறும்வரை பிரேக் பிடிக்கவில்லை.

மீட்டரில் அறுநூற்று நாற்பத்திரண்டு.

பதிவேட்டில் அறுநூற்று நாற்பது என்று எழுதிக் கையொப்பமிட்டேன். அவள் எட்டிப் பார்த்து, எண்ணைச் சரிபார்த்துவிட்டுத் தலையசைத்தாள். கழுத்தில் பதக்கம் விழுந்ததும் நாற்காலியில் அமர்ந்து, முன்னால் கவிழ்ந்தபடி, குடிக்கக் குளிர்ந்த தண்ணீர் கேட்டாள்.

அசோக்குமார் என் பக்கம் திரும்பினார்.

“இந்த வெந்நீரைக் குடுத்தா பதக்கத்தைத் திருப்பிக் குடுத்துடும் சார் பொண்ணு. இப்பவாச்சும் சாவியைக் குடுங்க.”

“அந்த வண்டியை என்னைத் தவிர வேறு யாரும்...” என்று வழக்கம்போல் தொடங்கினேன்.



வேப்பமரத்தின் அடியில் நின்ற என் ஓசூர் மொபெட்டைப் பார்த்தேன். மேகலாவின் சட்டை முதுகில் இருந்த பெயரை மறுபடியும் ஒருமுறை படித்தேன்.

சட்டைப் பையிலிருந்து சாவியை எடுத்து நீட்டினேன்.

அசோக்குமார் அதை வாங்காமல், எனக்கு உடம்புக்கு ஏதாவது செய்கிறதா என்று கேட்டார்.