சாக்கடைக்கு அந்தப் பக்கம்

"எங்க தெருவைச் சேக்க வேணாம் சார்."

தண்ணி லாரி டிரைவர் இப்படிச் சொன்னதும், குடியிருப்போர் சங்கத் தலைவர் வீட்டு கார் ஷெட்டில் கூடியிருந்த அத்தனை பேரும் கொதித்துப் போனார்கள்.

மேஜைமேல் வரைபடம். எதிரே சிவப்புப் பேனாவோடு கணக்கெடுப்பு அதிகாரி. இந்தப் பக்கம் நகரமும், அந்தப் பக்கம் கிராமமும் 'எங்களுது இல்லை' என்று கைகழுவிவிட்ட வீடுகள் இவை. மக்கள்தொகைக் கணக்கிலாவது ஒரே குடியிருப்பாகக் காட்ட, எல்லை போட வந்திருந்தார் அதிகாரி.

"மறுபடியும் சொல்றேன்," ரயில் நிலைய அறிவிப்பு மாதிரி ஆரம்பித்தார். "இந்தக் கோடு தலை எண்ணறதுக்கு மட்டும்தான். மேயர் வரமாட்டார், ரோடு வராது. ஆனா இந்தப் பட்டியல்ல இருக்கற இடத்துக்குத்தான் இனிமே ஆம்புலன்ஸ் வரும்னு ஆஸ்பத்திரியில முடிவு பண்ணியிருக்காங்க. நானா யாரையும் வெளியே விட முடியாது. அந்தத் தெருக்காரங்களே வேணாம்னு சொன்னாத்தான் உண்டு."

"அதைத்தான் சார் சொல்றேன்." டிரைவர் தரையைப் பார்த்தபடி பேசினார். "சாக்கடைக்கு அந்தப் பக்கம் நாங்க ஏழெட்டு வீடு. எல்லாரும் பேசித்தான் என்னை அனுப்பியிருக்காங்க. விட்டுடுங்க."

'மைக் செட்' என்று பெயரெடுத்த இரண்டாவது தெரு அக்கா எழுந்தாள்.

"ஏம்ப்பா, உனக்கு மனசாட்சி இருக்கா? போன மாசம் உன் பொண்டாட்டிக்கு மூச்சு முட்டினப்ப ஆம்புலன்ஸ் டவுன் எல்லையோட திரும்பிப் போச்சே! தண்ணி லாரியில தூக்கிப் போட்டுட்டுத்தானே ஓடினே? இன்னும் படுத்த படுக்கையாத்தானே கெடக்கறா!"



"அவன் கவலை அவனுக்கு," ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார் மூக்கால் பேசினார். "இன்னிக்குப் பேர் வந்தா நாளைக்குக் குழாய் வரும். குழாய் வந்தா லாரி எவனுக்கு வேணும்? கூட்டிக் கழிச்சுப் பாருங்க, விடை வரும்."

"அடப்பாவி! பொண்டாட்டி உசுரைவிட லாரி பெருசாப் போச்சா?" அக்காவின் குரல் எகிறியது.

தலைவர் கையை உயர்த்தினார். தொண்டையைக் கனைத்தார், கூட்டம் அடங்கும்வரை கனைத்துக்கொண்டே இருந்தார்.

"மாநகராட்சிக்காரன் கோடு போட்டப்ப நம்மள நாய் மாதிரி வெளியே நிறுத்தினான். அந்த வலி தெரிஞ்ச நாமே இன்னொருத்தரை வெளியே விடலாமா? தம்பி, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்கறேன். உள்ள வந்துடுப்பா."

ஒரே கைதட்டல். மைக் செட் அக்காவுக்குக் கண்ணே கலங்கிவிட்டது.

டிரைவர் தலைவரின் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"வேணாங்கய்யா."

"அப்புறம் என்னைக் குத்தம் சொல்லக் கூடாது." அதிகாரி சிவப்புக் கோட்டைச் சாக்கடையின் இந்தக் கரையோடு இழுத்து முடித்தார்.

உடனே குடியிருப்புக்குப் பேர் வைக்கும் சண்டை ஆரம்பமாகிவிட்டது. "கடைசியில 'கார்டன்'னு வரணும்!" "இங்க எங்கம்மா இருக்கு கார்டன்? கொசுதான் இருக்கு!"

டிரைவர் எழுந்து போனதை யாரும் கவனிக்கவில்லை. போன் பேசுகிற சாக்கில் தலைவர் மட்டும் வாசல் கேட் வரைக்கும் பின்னாலேயே வந்தார். இரண்டு பக்கமும் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினார்.

"சொல்லிக் குடுத்தபடியே சொல்லிட்டே. உங்க தெருவும் சேர்ந்தா எங்க மனை விலை படுத்துடும், அதான். நாளைக்கே உன் லாரியை மறுபடி உள்ள விடச் சொல்றேன். உங்க தெருப் பொம்பளைங்களும் பழையபடி வீட்டு வேலைக்கு வரலாம்."