கொடுத்து வைத்தவன்

எங்கள் புது டிவிக்குக் காது உண்டு. காமெடி சீரியலில் நாம் யாரைத் திட்டுகிறோமோ, அவர் மறுநாள் எபிசோடில் இருக்கமாட்டார்.

முதல் நாளே அம்மா, என் மனைவி தேன்மொழியை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டு, "இந்த மருமகளுக்கு எவ்ளோ வாய்க்கொழுப்பு!" என்றாள். சீரியல் மருமகள் காணாமல் போனாள். தேன்மொழி சும்மா இருப்பாளா? "இந்த மாமியார் நச்சரிப்பு தாங்கல" என்றாள். மாமியாரும் போனாள்.

மிச்சம் இருந்தது அந்த வீட்டு ஆம்பளை மட்டும்தான். அரைமணி நேரமும் அவன் தனியாக உட்கார்ந்து, ஒரு குறுக்குக் கேள்வி இல்லாமல் ரசம் சாதம் சாப்பிட்டான்.

"கொடுத்து வச்சவன்!" என்றேன். வாய் தவறி வந்துவிட்டது.

எங்கள் கல்யாணத்துக்குப் பிறகு முதல்முறையாக அம்மாவும் தேன்மொழியும் ஒரே குரலில் பேசினார்கள்.

"வீட்டுல ரெண்டு பொம்பளைங்களைக் காணோம், இவனுக்குச் சோறு இறங்குது பாரு!"

நேற்று சீரியலில் காலி நாற்காலியும் சுற்றுகிற ஃபேனும்தான். கொஞ்ச நேரம் அதையும் பார்த்தார்கள்.

"போரடிக்குது அத்தை" என்றாள் தேன்மொழி.

"ஆமாம்மா, ஒரு கை பிடி" என்றாள் அம்மா.

இருவருமாகச் சோபாவைத் தூக்கி, சாப்பிட்டுக்கொண்டிருந்த என் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்தார்கள்.