சுண்ணாம்பு எருமை

கன்று வரவில்லை.

தள்ளி நின்று பார்த்தது. முளைக்குச்சியில் கட்டியிருந்தது அதன் தாய்தான். ஆனால் வெள்ளையாக இருந்தது.

எருமைக்குச் சொந்தக்காரி கன்றின் கயிற்றைப் பிடித்து இழுத்தாள். கன்று நான்கு காலையும் ஊன்றிக்கொண்டது. கன்று முட்டாமல் மடி சுரக்காது. கஞ்சித் தண்ணீரைப் புகட்டிப் பார்த்தாள். துப்பிவிட்டது.

நேற்றும் இதே கதை. விலா எலும்பு தெரிய ஆரம்பித்திருந்தது. இன்னும் ஒரு நாள் போனால் கன்று தங்காது.

யுத்தம் பர்மாவில் நடக்கிறது என்றார்கள். அது கடலைத் தாண்டி இந்த ஊர்ப் பஞ்சாயத்து போர்டுக்கு வந்தது. அங்கிருந்து இவள் தொழுவுக்கு ஒரு சைக்கிளில் வந்தது.

சைக்கிளில் வந்தவர் போர்டு பிரசிடெண்ட் தாண்டவராய பிள்ளை. ஜப்பான்காரன் விமானத்துக்கு ஊர் தெரியக்கூடாது என்று தெருவிளக்கை எல்லாம் அணைக்கச் சொன்னவர் அவர். ஊர் ஒழுங்காக இருட்டியிருக்கிறதா என்று பார்க்கவும் அவரே புறப்பட்டார்.

இருட்டியிருந்தது.

நடுத்தெருவில் அவள் எருமை படுத்து அசைபோட்டுக்கொண்டிருந்தது.

சைக்கிள் மோதியதில் எருமைக்கு ஒன்றும் ஆகவில்லை. பிரசிடெண்டுக்கு ஒரு முன்பல் போனது.

மறுநாளே போர்டு கூடியது. யுத்தம் முடியும்வரை ஊரிலுள்ள கறுப்பு மாடுகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடிப்பது என்று ஏகமனதாகத் தீர்மானம். கறுப்பு ஆட்டையும் சேர்க்கலாமா என்று ஒரு மெம்பர் கேட்டார். ஆடு இடம் பார்த்துப் படுக்கும் என்று விட்டுவிட்டார்கள்.

சுகாதார மேஸ்திரி வேதமுத்து வாளியும் மட்டையுமாக வந்து, கொம்பிலிருந்து வால் வரை இரண்டு பூச்சுப் பூசிவிட்டுப் போனார். இன்று மத்தியானம் திட்டு விட்டுப்போன இடத்தைச் சரிபார்க்க வந்தபோது அவள் மறித்துக்கொண்டாள்.

"கன்னு கிட்டயே வர மாட்டேங்கு அண்ணாச்சி. கழுவி விட்டுருதேன்."

"கழுவினா மாட்டப் புடிச்சுப் பவுண்டுப் பட்டியில அடைச்சிருவாக. கொளத்துப் பக்கமும் விட்டுராத. எருமைக்குத் தண்ணியக் கண்டா யுத்தம் கித்தம் ஒண்ணும் தெரியாது."

"அப்ப இதுதான் உன் ஆத்தான்னு கன்னுகிட்ட யாரு சொல்லுதது?"

வேதமுத்து மட்டையை வாளிக்குள் போட்டார்.

"தீர்மானத்துல அது இல்லையே, தாயி."

இப்போது சூரியன் இறங்கிவிட்டது. கன்று மண்ணில் படுத்துவிட்டது. படுத்தது எழுந்திருக்குமா என்று அவளுக்குத் தெரியவில்லை.

அப்போது சங்கு ஊதியது.

விமானம் வந்தால் மட்டுமே ஊதவேண்டிய சங்கு. ஊர் இதுவரை அதைக் கேட்டதில்லை. அடுப்புகள் அணைந்தன. கடைகளில் அரிக்கேன்கள் அணைந்தன. பீடி பிடித்தவர்கள் பீடியை வாய்க்குள்ளே மடித்துக்கொண்டார்கள்.

கிழக்கே முழு நிலா ஏறியது.

மற்ற மாடுகள் கூரைக்குக் கீழே இருந்தன. இவள் தொழுவின் கூரை போன ஐப்பசிக் காற்றோடு போய்விட்டது. ஊரே அணைந்து கிடக்க, எருமை மட்டும் எரிந்துகொண்டிருந்தது.

வான்தாக்குதல் தடுப்புத் தொண்டர் படை தகரத் தொப்பியோடு ஓடிவந்தது. நான்கு பேர். எருமையைக் கண்டு அப்படியே நின்றார்கள்.

"ஏலே, அந்த எருமைய அணைங்கலே!" என்று முன்னால் வந்தவன் கத்தினான்.

எருமையை அணைப்பது பற்றிப் பயிற்சியில் ஒன்றும் சொல்லித் தரவில்லை. தெரிந்ததைச் செய்தார்கள். குண்டு விழுந்தால் தீயணைக்க என்று தெருமுனையில் வரிசையாகத் தண்ணீர் வாளிகள் இருந்தன. தூக்கிவந்து ஊற்றினார்கள். மணல் வாளியையும் ஒருவன் தூக்கினான். அவள் பார்த்த பார்வையில் கீழே வைத்துவிட்டான்.

எருமை சுகமாகக் கண்ணை மூடிக்கொண்டது. ஒரு வாளிக்கு முதுகு அணைந்தது. ஒரு வாளிக்கு விலா. கடைசியாக மடி.

கன்று காதை விடைத்தது.

எழுந்தது. தள்ளாடியது. ஓடிவந்து ஒரே முட்டு. குறுக்கே நின்ற தொண்டன் தொப்பியோடு சகதியில் உட்கார்ந்தான்.

அவள் கன்றின் முதுகில் கையை வைத்தாள். உள்ளே பால் இறங்குவது கைக்குத் தெரிந்தது. முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

எல்லோரும் அண்ணாந்து பார்த்தபடி நின்றார்கள். விமானம் வரவில்லை. ஒரு வௌவால் வந்தது. போனது.

அண்ணாந்து பார்க்காமல் வந்தவர் ஒருவர்தான். பிரசிடெண்ட். சங்கு இருக்கும் போர்டு ஆபீஸ் பக்கமிருந்து, கோயிலுக்குப் போகிறவர் மாதிரி நிதானமாக நடந்து வந்தார். கையில் தூக்குவாளி. இவளிடம் பால் வாங்குகிற வீடு அவருடையது. இரண்டு நாளாக அங்கே காப்பி இல்லை.

"கன்னு குடிச்சு மிச்சம் இருந்தாத்தான் ஐயா."

"குடிக்கட்டும், குடிக்கட்டும். வயித்துப் பசி யாருக்கும் ஒண்ணுதானே." துவைகல்லில் உட்கார்ந்துகொண்டார்.

மிச்சம் இருந்தது. அவள் கறந்து, நுரை அடங்கும்வரை பொறுத்து, தூக்குவாளியில் ஊற்றினாள். தொண்டர்கள் காலி வாளிகளோடு போய்விட்டார்கள்.

"காலையில மேஸ்திரி மறுபடியும் சுண்ணாம்போட வந்துருவாரு."

"வரத்தான் செய்வான். தீர்மானம்னா தீர்மானம்தான் தாயி. நானே மாத்த முடியாது."

அவள் மூடியை அழுத்திப் போட்டு, வாளியை அவர் கையில் கொடுத்தாள்.

"அப்ப நாளைக்குச் சங்கு எத்தன மணிக்கு ஐயா?"

பிரசிடெண்ட் அப்போதுதான் அண்ணாந்து வானத்தைப் பார்த்தார்.