ராணியின் மீசை

கொழும்பு கொட்டாஞ்சேனைச் சலூன் நாற்காலியில் யேசுரட்ணம் அண்ணாந்து கிடக்கிறார். மேலுதட்டில் சோப்பு நுரை. பின்னேர வெயில் கண்ணாடியில் பட்டு நுரையில் மினுங்குகிறது. கோயில் திருநாளுக்குப் பழைய இசைநாடகம் ஒன்றை மறுபடி மேடையேற்றுகிறார்கள். அதில் ராணி வேடம் கட்டுவது எப்போதும் ஆண்தான். இந்த முறை யார் என்பதில்தான் பின்னால் வாங்குப் பலகையில் உட்கார்ந்திருக்கும் நாடகக்காரரிடையே சண்டை. "ரேடியோவில பாடுற பெடியனைப் போடுங்கோ, சனம் அள்ளுப்பட்டு வரும்," என்று இராஜநாயகம் தொடையில் அடிக்கிறார். "வந்து? ராணி அழேக்கை சனமும் அழவேணும். அது யேசுரட்ணத்தாலதான் ஏலும்," என்கிறார் சவுந்தரநாயகம். சலூன்காரரின் சவரக்கத்தி மீசையை நெருங்குகிறது. யேசுரட்ணம் சட்டென்று அந்தக் கையைப் பிடிக்கிறார். "அடையாள அட்டைப் படத்தில எனக்கு மீசை இருக்கு. இதை எடுத்துப்போட்டுச் சந்தியில அட்டை பாக்கிற ஆமிக்காரரைத் தாண்டி எப்பிடி வீட்டை போறது?" முதலில் எழும்புகிறவர் இராஜநாயகம். இடுப்புச் சாரத்தை அவிழ்த்து இறுக்கிக் கட்டுகிறார். "நீர் மீசையை எடும், யேசுரட்ணம். நான் உம்மோட கூட வாறன். இதுதான் எங்கட ராணியெண்டு ஆமிக்குச் சிங்களத்தில நானே சொல்லுறன்." யேசுரட்ணம் கையை விடுகிறார். கண்களை மூடி, முடிசூட்டத் தலை கொடுப்பவரைப்போல நாடியை மெல்ல நிமிர்த்துகிறார்.