நெத்தலியின் கொழுப்பு

"மூச்சை விடு எண்டா விடவேணும். மூண்டு தரம் சொல்லியாச்சு," என்றார் குணரத்தினம்.

தராசிலிருந்து தொட்டித் தண்ணீருக்குள் தொங்கிய இரும்புக் கதிரையில் இருந்தபடி முனாப் இளித்தான்.

"ஏலாது ஐயா. தலை தண்ணிக்குள்ள போனா நெஞ்சு தானாப் பூட்டிக்கொள்ளுது."

திருகோணமலைத் துறைமுகத்துச் சுழியோடிகள் ஐந்து பேருக்கும் அன்று உடற்கொழுப்பு அளவை. கொழும்பிலிருந்து வந்த டொக்டர் முதலில் இடுக்கியால் தோலைக் கவ்வி அளந்தார். பிறகு தண்ணீருக்குள் இருத்தி எடை பார்த்தார். கொழுப்புக் கூடினவருக்குத் தண்ணீரில் எடை குறையும். நெஞ்சில் காற்றிருந்தாலும் குறையும். அதனால் மூச்சை முழுதாக விடவேண்டும். தராசு முள் அசையாமல் நிற்கும்வரை எண்ணியிருந்து எழுதுவது ஆய்வுகூடத்துக் குணரத்தினத்தின் வேலை.

இரண்டு அளவை முறைகளும் ஐவருக்கும் ஒத்து வந்தால், நூற்றுக்கு இருபத்தைந்துக்கு மேல் கொழுப்புள்ளவர் இனிச் சுழியோடக் கூடாதென்று விதி வரும்.

அப்படி இருந்தவர் ஆனந்தராசா ஒருவர்தான். வயிறு பெருத்தாலும் இன்றைக்கும் ஆழம் போவதில் அவரே முதல். இடுக்கியில் முப்பது, தண்ணீரில் முப்பத்தொன்று. சுவரோரம் நின்று தராசு முள்ளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒல்லி முனாப்புக்கு இடுக்கி சொன்னது ஒன்பது. தண்ணீர் சொன்னது முப்பத்தெட்டு.

"நெத்தலிக்கு என்னைவிடக் கொழுப்பாமே," என்று ஆனந்தராசாவே சிரித்துவிட்டார்.

நாலாம் தரமும் அதே கணக்கு. முறைகள் ஒத்துவரவில்லை, இதை நம்பி யாரையும் கரையில் இருத்த ஏலாது என்று எழுதிக்கொண்டு டொக்டர் புறப்பட்டார். ஆனந்தராசா சட்டையை மாட்டிக்கொண்டு தேத்தண்ணி குடிக்கப் போனார்.

குணரத்தினத்துக்குத்தான் மனம் ஆறவில்லை. சொன்னது விளங்காத ஒருவனால் நாள் முழுக்க எழுதிய எழுத்து வீண்.

அந்தக் கோபத்தோடு தராசைக் கழற்றும்போது, ஸ்பானர் கைதவறித் தொட்டிக்குள் விழுந்தது.

"நில்லுங்க ஐயா, எடுத்துத் தாறன்."

முனாப் இறங்கித் தலையை அமிழ்த்தினான். நெஞ்சிலிருந்த காற்றெல்லாம் குமிழிகளாக மேலே வந்து ஓய்ந்தது. கல்லைப்போல அடிக்குப் போய், சம்மணம் போட்டு இருந்து, ஆறுதலாகத் தேடினான்.

குணரத்தினம் பழக்கத்தில் எண்ணினார். பதினேழு.

மேலே வந்தவன் அவர் முகத்தைப் பார்த்தான்.

"எழுதிப்போடாதீங்க ஐயா," என்றான் மெதுவாக. "எனக்கு மூச்சடக்கப் பழக்கினதே ஆனந்தராசா அண்ணன்தான்."